டம்ப்ளிங் மீடியா: ‘துலக்குபரல்’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவிலிருந்து நண்பர் கேட்டிருந்த ‘டம்ப்ளிங் மீடியா’ இழையை இரண்டு முறை படித்தேன். சுட்டுமுடித்த பித்தளைத் தோட்டாக்கூடுகளைத் துப்புரவாக்கி மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. கூடுகளோடு ஓர் இயந்திரக் கலத்தில் போட்டு ஆட்டினால் அவற்றின் மேல் உரசித் துலக்கும் சிறு துணுக்குகளுக்குத்தான் டம்ப்ளிங் மீடியா (tumbling media) என்று பெயர். நண்பர் அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறார், சொல் வேண்டும் என்கிறார். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் இதே பொருள் அம்பத்தூரிலும் கிண்டியிலும் பித்தளை உருப்படி செய்யும் பட்டறைகளில் நாள்தோறும் புழங்குகிறது. பேரலில் (சுழலும் கலத்தில்) போடுவது, வைப்ரோவில் (அதிரும் கலத்தில்) போடுவது என்று சொல்வார்கள். அதனால் வரும் சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘உருட்டு ஊடகம்’ வேண்டவே வேண்டாம். ஊடகம் என்றால் படிப்பவர் மனதில் பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான் வரும். அது போக, ஊடகம் என்பது ஒன்று ஊடே செல்ல இடம் தருவது. ஒளிக்குக் கண்ணாடி ஊடகம். இங்கே எதுவும் எதன் ஊடாகவும் போகவில்லை. ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகள் பித்தளை மேல் உரசி அழுக்கை எடுக்கின்றன. ‘உராய்பொருள்’ ஓரளவு சரி, ஆனால் உப்புத்தாளும் சாணைக்கல்லும்கூட உராய்பொருள்தான். ‘தேய்மணி’ காதுக்கு நன்றாக இருக்கிறது. மக்காச்சோளக் குருணைக்கும் அக்ரூட் ஓட்டுக்கும் மணி சரி, எஃகு ஊசியை எப்படி மணி என்பது?

என் பரிந்துரை துலக்குபரல். துலக்குதல் என்ன என்று எந்த வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை, பித்தளைக்கு நாம் சொல்லும் வினையே அதுதான். பரல் என்றால் சிறு கல், விதை. சிலம்புக்குள் இடுவதும் பரல். கண்ணகி கதையில் மாணிக்கப்பரலா முத்துப்பரலா என்பதில்தான் வழக்கே முடிகிறது. ஒரு கூட்டுக்குள் கட்டில்லாமல் கிடந்து, ஆட்டும்போது ஒன்றோடொன்று மோதும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. என்ன பொருளால் ஆனது, என்ன வடிவம் என்று அது கட்டுப்படுத்தவும் இல்லை. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது, துலக்குப்பரல் என்று எழுத வேண்டாம்.

முன்னொட்டு சேர்த்தால் கடையில் கேட்டு வாங்கும் அளவுக்கு இந்தச் சொல் விரிய வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க, எதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையே எழுதிவிடுகிறேன்.

முதலில் உலர்முறை. இதற்குச் சக்கைப்பரல், ஓட்டுப்பரல் என்று இரண்டு. மக்காச்சோளக் கதிரில் மணியை உதிர்த்த பின் மிஞ்சும் சக்கையை உலர்த்தி, உடைத்து, சலித்தால் சக்கைப்பரல். மென்மையானது, எண்ணெயை உறிஞ்சும், பளபளப்பு தரும். அக்ரூட் ஓட்டை உடைத்தது ஓட்டுப்பரல். அது கடினம், கூர்முனை உண்டு, கறையை வேகமாக எடுக்கும், ஆனால் கடைசி மெருகு சற்று மங்கல். மிகக் கறுத்த கூடுகளை முதலில் ஓட்டிலும் பிறகு சக்கையிலும் போடுவோர் உண்டு. சிவப்பாக மெருகுத்தூள் ஏற்றிய ஓட்டுப்பரலும் விற்கிறது. நான் சாதாரண ஓட்டையே வாங்கச் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சிவப்புத் தூள் கூட்டின் உள்ளேயும் விரலிலும் ஒட்டிக்கொண்டு போகாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, கண். மெஷ் என்று எழுதியிருப்பார்கள், நமக்குச் சல்லடைக் கண் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. 20/40 என்றால் அங்குலத்துக்கு 20 கண் உள்ள சல்லடையில் விழுந்து, 40 கண் சல்லடையில் தங்கியது. அளவில் ஏறக்குறைய 0.84 முதல் 0.42 மில்லிமீட்டர். தோட்டாக்கூட்டின் அடியில் தீப்பொறி செல்லும் துளை பல வகைகளில் சுமார் 2 மில்லிமீட்டர்தான். பரல் பெரிதாக இருந்தால் அதில் சிக்கும், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். 20/40 தானாக உதிர்ந்துவிடும். அரிசியைப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போடுகிறவர்கள் இருக்கிறார்கள், துலக்கவும் செய்கிறது. ஆனால் அரிசிமணி இந்தத் துளையில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும், மாவுத்தூசியும் அதிகம். எனக்கு ஒப்புதல் இல்லை.

சென்னையில் இன்னொரு சங்கடம் ஈரப்பதம். சக்கைப்பரல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்த்திகை மழையில் மூட்டையைத் திறந்து வைத்தால் கட்டிதட்டும், பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வைப்பதே வழி. பரல் கறுத்துவிட்டால் கழுவிப் பயன்படுத்த முயல வேண்டாம், கழித்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது ஈரமுறை. இதில் ஊசிப்பரல். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் துண்டுபோட்டது. பரவலாக விற்பது 1.2 மில்லிமீட்டர் தடிமன், 6.5 மில்லிமீட்டர் நீளம். அந்தத் தடிமனைக் கவனியுங்கள். 2 மில்லிமீட்டர் துளையில் ஓர் ஊசி தாராளமாக நுழைந்து வெளியே வரும், இரண்டு சேர்ந்து நுழைய முடியாது, அதனால் அங்கே இறுகிக்கொள்வது அரிது. இரண்டேகால் கிலோ ஊசி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கூடுகள், நான்கு லிட்டருக்கு ஒட்டிய தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், சிட்டிகை எலுமிச்சை அமிலம். இது சுழலும் சிறு கலத்துக்கான வழக்கமான கணக்கு. இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஓடும். ஊசி தேய்வது தெரியவே தெரியாது, ஒருமுறை வாங்கினால் போதும். கம்பியாக இழுக்கும்போது அந்த எஃகு லேசாகக் காந்தம் பிடிக்கும் தன்மை பெறுவதால், பித்தளையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் காந்தத்தால் அள்ளிவிடலாம்.

எலுமிச்சை அமிலம் சென்னையில் ரசாயனக் கடைகள் உள்ள நயினியப்ப நாயக்கன் தெருவில் கிலோ கணக்கில் கிடைக்கும், அதற்காக அள்ளிப் போடக்கூடாது. குத்துவிளக்கைப் புளியில் அதிக நேரம் ஊறவிட்டால் செம்பு நிறம் தட்டுமே, அதேதான் இங்கும்: அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை மேற்பரப்பில் விட்டுவிடுகிறது. தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். விளக்குக்கு அது அழகுக் குறை, அழுத்தம் தாங்க வேண்டிய கூட்டுக்கு அது அழகோடு நின்றுவிடும் குறை அல்ல.

அமோனியா கலந்த பித்தளை பாலீஷை எந்தப் பரலோடும் சேர்க்கக்கூடாது. இதை நண்பர் தம் கட்டுரையில் தனியாகவே எழுத வேண்டும். அமோனியா பட்டால் பித்தளை விரிசல் விடும். இந்தக் கேடு கண்டறியப்பட்டதே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை அடுக்கி வைத்தது, கூடுகள் தாமாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, பித்தளைக்குள் உருவாக்கத்தின்போதே தங்கியிருந்த இழுவிசையோடு சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கினார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பருவத்தை வைத்துப் பெயர். தமிழில் ‘அமோனியா விரிசல்’ என்றே வைத்துக்கொள்ளலாம், காரணம் பெயரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று தூசி. தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கும். உலர்முறையில் அது பரலோடு கலந்து தூளாகும், பரலைச் சலிக்கும்போது எழும்பும். வெளியில் வைத்து, முகமூடி போட்டு, சமையலறைச் சல்லடையைத் தொடாமல் செய்ய வேண்டிய வேலை இது. ஈரமுறையில் ஈயம் காற்றில் எழாது, தண்ணீரில் போகும். எனக்கு ஈரமுறையே மேல் என்று தோன்ற இது ஒன்றே போதும்.

அம்பத்தூரிலிருந்து எழுதும் அண்ணன் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது. “எங்கள் பட்டறையில் மீடியா போடுவது பளபளப்புக்கு இல்லை தம்பி, லேத்தில் வந்த பிசிறை எடுக்கத்தான். பீங்கான் கல் துலக்குவதில்லை, வெட்டுகிறது” என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். முக்கோணமாகவும் சாய்வாக வெட்டிய உருளையாகவும் வரும் பீங்கான் துண்டுகள் உலோகத்தையே கொஞ்சம் சீவுகின்றன. அவற்றை ‘அராவுபரல்’ என்று பிரித்துவிடலாம். அரத்தால் தேய்ப்பதை அராவுதல் என்கிறோம், பட்டறைக்காரருக்கு அந்நியமாக இருக்காது. வாங்குபவருக்கும் இந்தப் பிரிவு உதவும். தோட்டாக்கூட்டுக்கு அராவுபரல் ஆகாது என்பது பெயரைப் பார்த்ததுமே தெரியும். இரண்டுக்கும் பொதுவாக வெறும் ‘பரல்’ போதும்.

இயந்திரத்துக்கு, சுழல்வது உருள்கலம், அதிர்வது அதிர்கலம். ‘உருட்டு’ என்பதைப் பரலின் பெயரில் நான் சேர்க்காததற்குக் காரணமும் இதுவே. வைப்ரோவில் எதுவும் உருட்டப்படுவதில்லை, ஆனால் அதே பரல்தான்.

மறுப்பு இருந்தால் இந்த வார இறுதிக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் துலக்குபரல், அராவுபரல், சக்கைப்பரல், ஓட்டுப்பரல், ஊசிப்பரல் ஐந்தையும் விளக்கத்தோடு தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பிவிடுகிறேன். வேலை முடிந்ததும் உருப்படியையும் பரலையும் பிரிக்கும் கைப்பிடி வைத்த சுழல்கூடைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பரல்பிரிப்பான்’ என்பது எனக்கே நாவில் ஓடவில்லை. அம்பத்தூர் அண்ணனிடம் பையன்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.