மிக்ஸ் பவுடர்: வறுத்து அரைக்கணுமா, பச்சையாவே கலக்கணுமா?

பர்மிங்காம்_சட்டி
படிக்கிற காலத்தில் இரண்டு வருடம், வார இறுதிகளில் இங்கே ஒரு ‘இண்டியன்’ ரெஸ்டாரண்ட் கிச்சனில் வேலை பார்த்தேன். பெயர்தான் இண்டியன், முதலாளி, செஃப், தந்தூர் போடுபவர் எல்லாரும் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள். பிரிட்டனில் இந்த மாதிரிக் கடைகள் பெரும்பாலும் அவர்கள் உழைப்பில் வளர்ந்தவை. அந்த ருசி வீட்டில் வரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். முதல் படி மிக்ஸ் பவுடர், அதாவது எல்லாக் கறிக்கும் பொதுவாகப் போடும் மசாலாத்தூள் கலவை. என் அளவு இது:

கொத்தமல்லித்தூள் 4 பங்கு, மைல்ட் மெட்ராஸ் கறிப்பவுடர் 4, சீரகத்தூள் 3, மஞ்சள்தூள் 3, பாப்ரிகா 3, கரம் மசாலா 1.

எதையும் வறுக்க வேண்டாம். மிளகாய்த்தூள் இதில் சேரவே கூடாது. ஒரு ஆள் சாப்பிடும் கறிக்கு ஒரு மேசைக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
தம்பி, வறுக்காத தூளிலை கறியோ? எங்கட வீட்டிலை செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாத்தையும் தனித்தனியா வறுத்துத்தான் இடிக்கிறது. மல்லிக்கு ஒரு பதம், வெந்தயத்துக்கு ஒரு பதம். வெந்தயம் கொஞ்சம் கருகினாலும் முழுத்தூளும் கைச்சுப்போகும். நீங்கள் சொல்லுற மாதிரி நானும் ஒருக்காச் செய்து பாத்தனான். மஞ்சளின்ரை பச்சை மணம் கடைசிவரைக்கும் போகேல்லை. பிள்ளையள் ரெண்டு வாய்க்கு மேலை தொடேல்லை. 18 பங்கிலை 3 பங்கு மஞ்சள் எண்டால் வேறை எப்பிடி இருக்கும்?

மல்லிவிதை
வறுக்கிறதை விடுங்க. கறிப்பவுடரை ஏன் இதுக்குள்ள போடணும்? அதுலயும் மல்லி, சீரகம், மஞ்சள்தானே இருக்கு. பாக்கெட்காரர் எதை எவ்வளவு போட்டார்னே தெரியாம அதை 4 பங்கு சேர்த்துட்டு, மத்ததை மட்டும் பங்கு பார்த்து அளக்கறதுல என்ன அர்த்தம்? நான் சென்னையில பிறந்து வளர்ந்தவன். எங்க வீட்டுல ‘மெட்ராஸ் கறி’ன்னு ஒரு குழம்பு வெச்சதே இல்ல. குழம்புக்குக் குழம்பு பொடி, ரசத்துக்கு ரசப்பொடி, கறி வறுவலுக்கு அன்னைக்கு அரைக்கிற மசாலா. எல்லாத்துக்கும் ஒரே பொடின்னாலே எனக்கு ஒப்பல.

பர்மிங்காம்_சட்டி
இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தக் கிச்சனில் குழம்பு கொதித்துக்கொண்டே இருப்பதில்லை. பகலிலேயே பேஸ் கிரேவி தயார். மூட்டை மூட்டையாக வெங்காயம், கொஞ்சம் கேரட், குடைமிளகாய், இஞ்சி, பூண்டு, எண்ணெய், உப்பு, மஞ்சள் எல்லாம் வேகவைத்து, தண்ணியாக அரைத்து, அடுப்போரம் சூடாக நிற்கும். இறைச்சியும் முன்பே வெந்திருக்கும். ஆர்டர் வந்ததும் அலுமினியச் சட்டி, நல்ல தீ, தாராளமாக எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது. அடுத்தது மிக்ஸ் பவுடரும் கசூரி மேத்தி என்ற காய்ந்த வெந்தயக்கீரையும். கூடவே தண்ணீரில் கரைத்த தக்காளி பேஸ்ட். அரை நிமிடம் பொடி அந்த எண்ணெயில் பொரிகிறது. அக்கா வெறும் சட்டியில் செய்யும் வறுப்பு இங்கே எண்ணெயில் நடக்கிறது. ஏற்கெனவே வறுத்த தூளை அந்தத் தீயில் போட்டால் இரண்டாம் முறை வறுபட்டுக் கருகும். பிறகு கிரேவியை மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் சட்டி ஓரத்தில் ஒட்டி லேசாகத் தீயவிட்டுச் சுரண்டுவார்கள். அந்த ருசியில் பாதி இந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. ஏழெட்டு நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

மிளகாய் ஏன் தனி? அங்கே ‘மெட்ராஸ்’ என்பது ஊர் சமையல் இல்லை, காரத்தின் அளவு. ஒரே பொடி, ஒரே கிரேவி; மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ், இன்னும் கூட்டினால் விண்டாலு. பொடியிலேயே காரம் இருந்தால் காரம் ஆகாதவருக்கு எதைக் கொடுப்பது?

மல்லிவிதை, உங்கள் வீட்டில் இது இல்லை என்பது சரி. சில்ஹெட்காரர் வீட்டிலும் இது இல்லை! வேலை முடிந்து நாங்கள் சாப்பிட்டது வேறு: எலும்போடு ஆட்டுக்கறி, மீன், சில நாள் சாத்கரா என்ற நாரத்தை மாதிரிப் பழத்தோல் போட்ட மாட்டுக்கறி. அதில் மிக்ஸ் பவுடர் ஒரு சிட்டிகை கிடையாது. இது பிரிட்டனில், கடைக்காகவே பிறந்த சமையல். கறிப்பவுடர் இங்கே 18ஆம் நூற்றாண்டிலேயே விற்பனைக்கு வந்த சரக்கு. சாப்பிடுபவர் நாக்கில் ஏறிப்போன மணம் அது. அதை எடுத்தால் அந்தக் கறி இல்லை.

புதுசு_கிச்சன்
நான் இதே மாதிரிதான் செஞ்சேன். கசந்துபோச்சு. எங்க தப்பு?

ஈஸ்ட்ஹாம்_அக்கா
பிள்ளை, தூளைப் போட்டதும் எண்ணெய் புகைஞ்சதோ? அப்ப மஞ்சளும் வெந்தயமும் கருகியிருக்கும். உள்ளியும் (பூண்டு) முதலே சிவந்திருந்தால் அதுவும் கைக்கும். அந்தக் கறியை இனித் திருத்தேலாது.

பர்மிங்காம்_சட்டி
அக்கா சொன்னதேதான். பொடி விழுந்தவுடன் தக்காளித் தண்ணீரோ அரைக் கரண்டி கிரேவியோ போக வேண்டும். எண்ணெய் திரும்பப் பிரியும்வரை கிளறிக்கொண்டே இருங்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
சரி, கடைக்கணக்கு விளங்குது. ஆனா எங்கட பிளாட்டிலை மின்சார அடுப்பு. உங்கட கடை நெருப்பு இதிலை எங்கை வரும்? அரை நிமிசத்திலை தூள் அவியுமே ஒழியப் பொரியாது. வீட்டுக்காரருக்குச் சொல்லுறியள் எண்டால் வீட்டு அடுப்புக்குச் சொல்லுங்கோ.

பர்மிங்காம்_சட்டி
இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மின்சார அடுப்பில் சட்டியை நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் செய்யுங்கள். பொடி பொரிய ஒன்றரை நிமிடம் கொடுங்கள். நாலு ஆளுக்கு ஒரே சட்டியில் போட்டால் அக்கா சொன்ன பச்சை வாசனை நிச்சயம் நிற்கும்.

மல்லிவிதை
சனிக்கிழமை இரண்டு சட்டி வெச்சுப் பார்த்தேன். ஒண்ணு உங்க அளவு. இன்னொண்ணுல கறிப்பவுடரை எடுத்துட்டு, வறுக்காத மல்லியையும் சீரகத்தையும் மிக்ஸியில புதுசா அரைச்சு, வெந்தயம், சோம்பு கொஞ்சம் சேர்த்தேன். வாசனைல என்னுதுதான் மேல, சந்தேகமே இல்ல. ஆனா கடையில சாப்பிட்ட மாதிரி இருந்தது உங்களுதுதான்னு என் ரூம்மேட் சொன்னார். அதுக்காகப் பாக்கெட்டை ஒத்துக்க மாட்டேன். பழகின ருசின்னா நல்ல ருசின்னு அர்த்தம் இல்ல. ஒரு குறை: என் கிரேவி நாக்குல மணல் மாதிரி நெருடிச்சு.

பர்மிங்காம்_சட்டி
பொடியைச் சலித்தீர்களா?

மல்லிவிதை
சலிக்கல.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
மல்லித் தோல் அது. அரைக்க முதல் வெயிலிலை காயவிடுங்கோ, இங்கை வெயில் இல்லாட்டி சூடாறின அவன் அடுப்புக்குள்ளை ஒரு மணித்தியாலம். அரிச்சுப்போட்டுத் திரும்பச் செய்து பாருங்கோ. நானும் இந்தச் சனி தம்பியின்ரை அளவிலை ஒரு ஆளுக்கு மட்டும் செய்யப்போறன். தேங்காய்ப்பால் விட்ட கறிக்கு மட்டும் என்ரை தூளை மாத்தமாட்டன்.