மலை ஏறியதும் செல்ஃப் எடுக்காத 407

2003 மாடல் டாடா 407 லாரி, 12 வோல்ட், சேலம் வண்டி. காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். லோடோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி அணைத்தால், மறுபடி சாவி திருப்பும்போது ‘டிக்’ சத்தம் மட்டும்தான். டாஷ்போர்டு விளக்கும் சேர்ந்து மங்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் பிடித்துவிடும். ஒரு மாதமாக இதே பாடு, ஆனால் தினமும் வராது.

பேட்டரி புதுசு, சார்ஜிங் 14.1 வோல்ட். டெர்மினல் சுரண்டியாச்சு, எர்த் கேபிள், செல்ஃப் மோட்டாரின் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) கார்பன் பிரஷ், அதற்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்சான சொலினாய்டு மாற்றியாச்சு. மக்கர் பண்ணும்போதே மீட்டர் வைத்தால் பேட்டரியில் 12.4, சொலினாய்டின் சின்ன டெர்மினலில் வெறும் 7.5. அந்த டெர்மினலுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தால் (கியர் நியூட்ரலில்) உடனே சுற்றுகிறது. அதனால் செல்ஃப் மோட்டார்மேல் தப்பில்லை.

விளக்கும் மங்குவதால், சாவி திருப்பியதும் சொலினாய்டுக்குக் கரண்ட் விடும் ரிலேவைவிட, சாவிக்கு வரும் மெயின் லைன்மேல்தான் எனக்குச் சந்தேகம். இந்த மாடலில் சூடானால் கோளாறு கொடுப்பது சாவி சுவிட்சா, வயர்களை இணைக்கும் கப்ளரா, எதை முதலில் கழற்றிப் பார்க்கலாம்?