எமோஷன் ரெகுலேஷன்: ‘கட்டுப்பாடு’ வேண்டாம், ‘சீராக்கம்’ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ‘எமோஷன் ரெகுலேஷன்’ (எழும் உணர்ச்சியைத் தணிக்கவோ தக்கவைக்கவோ மனம் செய்யும் வேலை) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘உணர்ச்சிக் கட்டுப்பாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். மனச்சோர்வு (டிப்ரெஷன்) பற்றி நான் எழுதிய கையேட்டிலும் முதலில் அதைத்தான் போட்டிருந்தேன். அச்சுக்குப் போகுமுன், பல ஆண்டுகளாக மனச்சோர்வோடு வாழும் தோழி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ‘மனச்சோர்வில் உணர்ச்சிக் கட்டுப்பாடு குறைகிறது’ என்ற வரியின் கீழ் விரலை வைத்து, “அப்படியானால் தப்பு என்னுடையதுதானா?” என்று கேட்டார். அந்த வரியை அன்றே அடித்துவிட்டேன்.

நாவடக்கம், புலனடக்கம் என்று போற்றிப் பழகிய மொழி நம்முடையது. கட்டுப்பாடு இல்லை என்றால் குணக்கேடு என்றே காதில் விழும். மூளையில் நடப்பதோ வேறு. வருத்தும் காட்சி ஒன்றைக் கண்டதும், மூளையின் பக்கவாட்டுப் பகுதியான பொட்டுமடலின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா கிளர்ச்சி அடைகிறது. ‘இதை வேறு விதமாகவும் பார்க்கலாமே’ என்று நாம் முயலும்போது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி முனைந்து இயங்க, அமிக்டலா தணிகிறது. ஆய்வாளர் ஆக்ஸ்னரின் குழுவினர் 2002-இல் இதை மூளை ஸ்கேன்களில் காட்டினார்கள். ஜான்ஸ்டோன், டேவிட்சன் குழுவினர் 2007-இல் இதே முயற்சியை மனச்சோர்வு உள்ளவர்களிடம் பார்த்தார்கள். அவர்களுடைய முன்நெற்றிப் புறணி சும்மா இருக்கவில்லை. இடமும் வலமுமாக இரு பக்கமும் உழைத்தது. ஆனால் நலமாக உள்ளவர்களிடம் அமிக்டலாவைத் தணித்த அந்த உழைப்பு, இவர்களிடம் தணிக்கவில்லை. முயற்சி இருக்கிறது, பலன்தான் போய்ச் சேரவில்லை. இதைக் ‘கட்டுப்பாடு குறைவு’ என்று எழுதினால் அது பிழையான மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, அநியாயமும் கூட.

‘கட்டுப்பாடு’ என்பதற்குப் பதிலாக ‘மட்டுறுத்தல்’ என்று ஒருவர் முன்வைத்திருந்தார். நல்ல சொல், ஆனால் மட்டு என்பது எல்லை. மிகுந்ததைக் குறைக்க மட்டுமே உதவும். மகிழ்ச்சியைத் தக்கவைப்பதும் இதே வேலையின் ஒரு பாதி. 2009-இல் ஹெல்லர் குழுவினர் செய்த ஆய்வில், இனிய படங்கள் தந்த உணர்வை நீட்டித்துக்கொள்ளச் சொன்னபோது, மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி தொடக்கத்தில் நன்றாகவே இயங்கியது. நேரம் போகப்போக அந்த இயக்கம் மங்கியது. இங்கே மட்டுறுத்த என்ன இருக்கிறது? ‘ஒழுங்குபாடு’ உயிரியலில் வழங்குகிறது என்றாலும், ‘ஒழுங்காக இரு’ என்ற அதட்டல் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

எனவே என் பரிந்துரை ‘உணர்ச்சிச் சீராக்கம்’. சீரான மூச்சு, சீரான இரத்த ஓட்டம் என்று உடலைப் பற்றிப் பேசும்போது யாரையும் குறை சொல்லாமல் வழங்கும் சொல் இது. ‘சீராக்கம் என்றால் எல்லாவற்றையும் தட்டையாக்குவது என்று ஆகிவிடாதா?’ என்று கேட்கலாம். நானும் தயங்கினேன். ஆனால் யாப்பில் ஓரசைச் சீரும் உண்டு, நாலசைச் சீரும் உண்டு. ஏற்ற இறக்கம் இருந்தும் ஓசை குலையாமல் போவதுதான் அங்கே சீர். அது குலைந்த நிலைக்கு ‘சீர்குலைவு’ தானாகவே கிடைக்கிறது. இந்த இணைதான் என்னை முடிவாக இழுத்தது.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. வருத்தும் ஒன்றையே விடாமல் நினைத்துக்கொண்டிருக்கும் ரூமினேஷனுக்கு ‘அசைபோடல்’ என்று பலர் எழுதுகிறோம். மூலச்சொல்லின் பொருள் அதுவேதான். ஆனால் தமிழில் பழைய நாட்களை அசைபோடுவது இன்பம். சீகிள் குழுவின் 2002 ஆய்வில், எதிர்மறைச் சொல் ஒன்றைப் படித்தபின் மனச்சோர்வு இல்லாதவர்களின் அமிக்டலா 10 வினாடிக்குள் அடங்கியது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 25 வினாடி கழித்தும், வேறு வேலைக்கு மாறிய பின்னும், கிளர்ச்சி நீடித்தது. திரும்பத் திரும்ப அதையே நினைக்கும் பழக்கத்தோடு அதற்கு ஓரளவு தொடர்பும் தெரிந்தது. இந்த நினைப்பில் சுவைத்து மெல்ல ஒன்றும் இல்லை. ‘உழல்’ என்ற வினையில் சுழல்வதும் துன்புறுவதும் சேர்ந்தே இருக்கின்றன. ‘எண்ணவுழல்வு’ என்று வைக்கலாமா? ‘எண்ணத்தில் உழல்கிறார்’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. உச்சரிப்பில் இடறுகிறது என்று தோன்றினால், ‘நினைவுழல்வு’ எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.