சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? வீட்டில் இன்சுலின் போடுபவர்களின் அனுபவப் பகிர்வு

வீட்டில் தானாக ஊசி போட்டுக்கொள்பவர்களும் பெற்றோருக்குப் போட்டுவிடுபவர்களும், தவறு எங்கே நடக்கிறது என்று இங்கே எழுதுங்கள். முதலில் நிறத்தில் தொடங்குகிறேன்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. பெரும்பாலான 10 மி.லி. பாட்டிலில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பென் எனும் பேனா வடிவ ஊசிக் கருவிக்குள் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் (மருந்துக் குப்பியில்) ஒரு மி.லி.க்கு 100. சில புது வகை இன்சுலின் பாட்டிலிலும் 100தான். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. பென் பழுதாகிவிட்டதே என்று கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் எடுக்கும் பழக்கமே வேண்டாம். லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

———

மருந்துக் கடை அனுபவத்தில் சொல்கிறேன். இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகம் கண்ணில் படாமல் போகிறது. 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வாங்கிப் போனால், 20 கோடு வரை இழுத்தாலும் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. விஷயம் தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போது சர்க்கரை தடாலென்று இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டிலில் 400 யூனிட். காலை 20, இரவு 10 என்றால் 13 நாளில் தீர வேண்டும். அதே பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடினால் சிரிஞ்சு மாறியிருக்கிறது என்று அர்த்தம். பாட்டில் திறந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். பெரும்பாலான வகைகளை, திறந்து நாலு வாரமானால் மீதி இருந்தாலும் போடக் கூடாது.

இன்னொன்று: டிஸ்சார்ஜ் சீட்டில் 10 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் யூனிட்டுக்கான ஒற்றை ஆங்கில எழுத்தை ஒட்டி எழுதியிருந்தால் அது 100 போலவே தெரியும். "எத்தனை யூனிட்னு முழுசா எழுதிக் குடுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

———

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. செவிலியர் பக்கத்திலிருந்து: ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி விழுந்துவிடும். அங்கே வலிக்காது, அதனாலேயே மறுபடி அங்கேயே குத்துவார்கள். கட்டிக்குள் போன மருந்து ஒருநாள் சீக்கிரம் ஏறும், ஒருநாள் ஏறவே ஏறாது. சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டுவதற்கு இது பெரிய காரணம். குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றை அழுத்தித் தடவினால் மொத்தையாகக் கைக்குத் தட்டுப்படும். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து வாரம் ஒரு பாகம். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது மருந்து முழுசாக ஏறும். அதனால் அளவைக் குறைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

கலங்கலாக இருக்கும் 30/70 பாட்டிலை (சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து தடவை உருட்டி, பத்து தடவை தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். பென் என்றால் முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி, முனையில் சொட்டு வருகிறதா பாருங்கள். குத்திய பிறகு பத்து எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

———

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு?

———

மண்பானைதான். பெரிய பானையில் ஈர மணல், நடுவில் சின்னச் சட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் பாட்டில், மேலே நனைத்த துணி. காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும். மணல் காயக் கூடாது. உள் மாவட்டங்களில் நன்றாகக் குளிரும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. பிரிட்ஜ் இருப்பவர்களுக்கு: ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகின பிறகும் உதவாது.

———

டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய்) குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் சார்பில் இரண்டு விஷயம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. பிறகுதான் இட்லியோ பிஸ்கட்டோ. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஊசியோடு வோக்லிபோஸ் மாத்திரையும் சாப்பிட்டால் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் கையில் இருக்கட்டும். சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைப்பதை அந்த மாத்திரை தடுக்கும், அதனால் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் வேலை செய்யாது.

அடுத்து நோட்டு. வெறும் எண்ணை மட்டும் எழுதினால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டது எல்லாம் ஒரே வரியில் வேண்டும். சோதிக்கும் முன் சோப்பு போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். மாம்பழம் தொட்ட விரல் இல்லாத சர்க்கரையைக் காட்டும். காலை வெறும் வயிற்றில் தொடர்ந்து கூடுதலாக வந்தால், இரவு அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் விடியற்காலை 3 மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்து அதையும் நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் 60 என்று இருந்தால், இரவு அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதே வேறு கேள்வியாகிவிடும்.