கிறிஸ்துமஸ் வைன்: பரணி முறை போதுமா, வைன் ஈஸ்ட் வேண்டுமா?

நாகர்கோவில்காரி:
லண்டனில் வசிக்கிறேன். ஊரில் ஆச்சி கிறிஸ்துமஸுக்குச் செய்யும் திராட்சை வைனை இங்கே செய்யப்போகிறேன். ஒரு கிலோ கறுப்புத் திராட்சைக்கு ஒரு கிலோ சீனி, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, சிறிது ரொட்டி ஈஸ்ட். பரணியின் (பீங்கான் ஜாடி) வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, 21-ஆம் நாள் வடிகட்டுவது எங்கள் வழக்கம். இதற்கு மேல் கருவி எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. மாறுபடுவோர் காரணத்தோடு எழுதுங்கள்.

அளவுகோல்:
மாறுபடுகிறேன். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். உங்கள் பரணியில் லிட்டருக்கு 400 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அது முழுவதும் மாறுவதென்றால் 23 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ரொட்டி ஈஸ்ட்டோ பொதுவாக 10, 12 சதவீதத்திலேயே சோர்ந்துவிடும். மீதிச் சர்க்கரை அப்படியே நிற்பதால் கிடைப்பது வைன் அல்ல, போதையேறிய சர்பத். கோதுமையின் மாவுச்சத்தையும் ஈஸ்ட்டால் நொதிக்க வைக்க முடியாது. தண்ணீரே சேர்க்காமல் 4 கிலோ திராட்சையைக் கையால் பிசைந்து, சாற்றில் லிட்டருக்கு 35 கிராம் சீனி மட்டும் கலந்து, ரொட்டி ஈஸ்ட்டைவிட ஆல்கஹாலைக் கூடுதலாகத் தாங்கும் வைன் ஈஸ்ட் இடுங்கள். 5 கிராம் பொட்டலம் 20 லிட்டருக்கே போதும். கடையில் கிடைக்கும் விதையில்லாத் திராட்சையில் துவர்ப்புக் குறைவு என்பதால், பால் விடாத கடுந்தேநீர் ஒரு கோப்பை சேர்ப்பதும் நல்லது.

நாகர்கோவில்காரி:
அந்த இனிப்புதான் ஐயா எங்களுக்கு வேண்டியது! பிளம் கேக்கோடு சிறு கிளாஸில் அருந்துவதை, இறைச்சியோடு அருந்தும் ஐரோப்பிய வைனின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது. சர்க்கரையும் ஆல்கஹாலும் சேர்ந்தே அதைக் கெடாமல் காக்கின்றன. கிளறுவதும் வெறும் சடங்கல்ல. நுரைத்து மேலே வரும் தோல்களை அமிழ்த்தாவிட்டால் அவை காய்ந்து பூசணம் பிடிக்கும்.

தயக்கம்:
இடையில் ஒரு கேள்வி. வீட்டு வைனில் மெத்தனால் சேர்ந்து கண் போய்விடாதா? சட்டமும் இடம் தருகிறதா?

அளவுகோல்:
திராட்சைத் தோலிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். கடை வைனிலும் அது உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். நொதித்தலை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. பிரிட்டனில் விற்காமல் சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்ய உரிமம் வேண்டாம். தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இந்த இழையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம்.

அம்மா, கிளறுவதும் துணி கட்டுவதும் முதல் வாரத்துக்குச் சரிதான். அப்போது பொங்கிவரும் கரியமில வாயுவே காற்றை உள்ளே விடாது. பொங்குதல் அடங்கிய பிறகும் 21 நாள் வரை திறந்து கிளறினால், ஆக்சிஜன் கிடைத்த அசிட்டிக் பாக்டீரியா வைனை வினிகராக்கிவிடும். ஏழாம் நாளே பிழிந்து, குறுகிய வாயுள்ள பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, ஊசியால் ஒரு துளையிட்ட பலூனை மாட்டுங்கள். பலூன் நிமிர்ந்து நின்றால் நொதித்தல் நடக்கிறது, தொய்ந்தால் அடங்கிவிட்டது. இதைவிட மலிவான கருவி கிடையாது.

நாகர்கோவில்காரி:
பலூனை ஏற்கிறேன். வைன் ஈஸ்ட்டும் வாங்கிவிடலாம். சீனியை முக்கால் கிலோவுக்குக் கீழே கொண்டுவர மாட்டேன். அதன் பிறகு அது எங்கள் வீட்டு வைனாக இருக்காது.

அளவுகோல்:
முக்கால் கிலோவும் அதிகமே. அப்படித்தான் செய்வீர்கள் என்றால், வடித்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வையுங்கள், மூடியை இறுக்காதீர்கள். சர்க்கரை மிகுதியில் மயங்கிக்கிடக்கும் ஈஸ்ட் அடுப்படிச் சூட்டில் மறுபடி விழித்துக்கொண்டால், இறுக மூடிய பாட்டில் வெடித்துவிடும்.