கேலக்ஸி ஹாப்ஸோடு எதைச் சேர்ப்பது? 20 லிட்டர் ஐ.பி.ஏ. பியருக்கு ட்ரை-ஹாப் யோசனை வேண்டும்

நுரைக்கோப்பை (மெல்பர்ன்):

வணக்கம். இரண்டு வருடமாக வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். (ஊரில் அம்மாவிடம் போனில் இப்படிச் சொன்னதும் சாராயம் என்று நினைத்து அரைமணி நேரம் திட்டினார். அதனால் இப்போது "பண்ணுகிறேன்" என்றுதான் சொல்வது.) கராஜில் 20 லிட்டர் ஃபெர்மென்ட்டர் (நொதிக்கவைக்கும் கலன்), ஒரு பழைய ஃப்ரிட்ஜ், இரண்டு கெக் (பியர் அடைக்கும் உலோகப் பீப்பாய்). கறுப்பு ஸ்டவுட், கோதுமை பியர் எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் கொடியின் பூ) தூக்கலான ஐ.பி.ஏ. மட்டும் சொதப்புகிறது.

போன தடவை ட்ரை-ஹாப்புக்கு (கொதிக்கவைக்காமல், வாசனைக்காக ஹாப்ஸை பியரில் ஊறவைப்பது) ஃப்ரீசரில் மீந்து கிடந்த வகைகளையெல்லாம் போட்டேன்: சிட்ரா 40 கிராம், மொசைக் 40, கேலக்ஸி 40, சிம்கோ 30, அமரில்லோ 30. மொத்தம் 180. இருபது டிகிரியில் ஏழு நாள் ஊறியது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரமாதமான ஹாப்ஸ் ஆயிற்றே, சேர்ந்தால் இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று நினைத்தேன். வந்தது என்னவோ புல்வாசனை. விழுங்கினால் தொண்டையில் ரம்பம் போட்ட மாதிரி கரகரப்பு. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "அருகம்புல் சாறில் ஏன் நுரை வருது?" என்றாள்.

இப்போது கையில் இருப்பது: கேலக்ஸி 100, சிட்ரா 100, நெல்சன் சோவின் 50 (மூன்றும் பிரிக்காத பாக்கெட்). சிம்கோ 50, இது பிரித்து கிளிப் போட்டு வைத்தது. நாலு கிலோ ஏல் மால்ட் (முளைகட்டிய பார்லி), அரைக் கிலோ கோதுமை, யூ.எஸ்.-05 யீஸ்ட். பாக்ஸிங் டே (டிசம்பர் 26) டெஸ்ட் மேட்ச் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் தயாராக வேண்டும். எதை எதோடு, எவ்வளவு, எத்தனை நாள்?

மூன்றாம்_கெக்:

அஞ்சு வகை போட்டதுதான் தப்பு. சிட்ரா 2 பங்கு, கேலக்ஸி 1 பங்கு, மூன்று நாள். முடிந்தது.

மலையடிவாரம் (விக்டோரியா):

தம்பி, மேலே சொன்ன விகிதத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் என்று தெரியாமல் போட்டால் அடுத்த தடவை வேறு ஹாப்ஸ் கிடைக்கும்போது மறுபடி இங்கே வந்து நிற்பாய். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உன் பியரில் இரண்டு தனித்தனித் தவறு. ஒன்று அளவு. 180 கிராம் 20 லிட்டருக்கு என்றால் லிட்டருக்கு 9 கிராம். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாஃபொன்டெய்னும் ஷெல்ஹாமரும் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்து இதைச் சோதித்து 2018-ல் எழுதினார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியபின் எலுமிச்சை, நார்த்தை வாசனை பெரிதாகக் கூடவில்லை, மூலிகை, தேயிலை வாசனைதான் தூக்கலானது. உன் வீட்டம்மா சொன்ன அருகம்புல் ஏறக்குறைய அதேதான். அதன்மேல் ஏழு நாள், இருபது டிகிரி. வாசனையில் பெரும்பங்கு முதல் இரண்டு நாளிலேயே பியரில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஊறுவது இலையும் துவர்ப்பும்.

இரண்டாவது, சேர்க்கை. மார்ச் மாதம் மர்ட்டில்ஃபர்ட் பக்கம் போனால் சாலையோரமே ஹாப்ஸ் தோட்டம், கொடிகள் கயிற்றில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். அறுவடை சமயம் ஒரு பூவைப் பிளந்து பார்த்தால் உள்ளே மஞ்சள்தூள் மாதிரி ஒட்டும். அதை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த அன்றுதான் எனக்கு இது விளங்கியது. அதற்கு முன்னால் பாக்கெட்டில் அச்சடித்திருந்த "மாம்பழம், பைன், பேஷன்ஃப்ரூட்" என்பதைப் படித்துத்தான் பியர் போட்டுக்கொண்டிருந்தேன். உன்னிடம் இருப்பது பெல்லட்தானே (பொடித்து அழுத்திய உருண்டை)? நாலைந்தை எடுத்து உள்ளங்கை சூடாகும் வரை தேய். முதலில் ஒன்றை மட்டும். கையை நன்றாகக் கழுவிவிட்டு அடுத்தது. பிறகு இரண்டையும் சேர்த்து.

கேலக்ஸி சண்டைக்காரன். எண்ணெய் அதிகம், பேஷன்ஃப்ரூட்டும் பீச்சும் முட்டிக்கொண்டு வரும், கொஞ்சம் கூடினாலும் அந்தக் கரகரப்பு. அதைத் தலைமை ஆக்காதே, பக்கத்தில் வை. சிட்ரா மென்மையாக, எலுமிச்சைத் தோலும் லிச்சியுமாக அடியில் விரியும். 80 சிட்ரா, 40 கேலக்ஸி: லிட்டருக்கு 6 கிராம். இதற்குமேல் ஒரு கிராம்கூட வேண்டாம்.

நெல்சனை இதில் கலக்காதே. அதன் வெள்ளை ஒயின் வாசனையை கேலக்ஸி மிதித்துவிடும். தனியாக ஒரு லேசான பேல் ஏல் பியரில் போடு, அல்லது மொட்டுவேக்கா ஹாப்ஸோடு. இரண்டும் நியூசிலாந்துப் பிள்ளைகள், ஒத்துப்போகும். சிம்கோ பாக்கெட்டை முகர்ந்து பார். பழைய சீஸ் வாடை அடித்தால் குப்பையில் போடு, மனம் வராவிட்டாலும் போடு. நன்றாக இருந்தால் 25 கிராமைக் கொதி அடங்கி 80 டிகிரிக்கு வந்ததும் போட்டு இருபது நிமிடம் விடு. அந்தப் பைன் பிசின் வாசனை அடியில் நின்றால் மேலே இருக்கும் பழவாசனை ஜூஸ் மாதிரித் தனியாகத் தெரியாது.

புளியோதரை_ஏல்:

மலையடிவாரம் ஐயா எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். ட்ரை-ஹாப் போட்டபின் கிராவிட்டி (சர்க்கரை எவ்வளவு மீதி என்று காட்டும் அடர்த்தி எண்) இறங்கும், அதைக் கவனிங்க. நான் 1.014-ல் நின்றுவிட்டது என்று நம்பி, ஹாப்ஸ் போட்டு மூன்றாம் நாளே பாட்டிலில் அடைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு வாஷிங் மெஷின் பக்கம் டமார். ஆறு பாட்டில். மீதியைத் தலையில் பைக் ஹெல்மெட், கையில் தோட்டத்துக் கையுறையோடு போய்த் திறந்தேன்.

ஹாப்ஸில் இருக்கும் நொதிகள், யீஸ்ட் தொடமுடியாமல் விட்டுவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். யீஸ்ட் மறுபடி எழுந்து உட்காரும். ஹாப் க்ரீப் என்கிறார்கள், ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல. 1893-லேயே இங்கிலாந்தில் பிரௌன், மோரிஸ் இருவரும் எழுதிவைத்த விஷயம். கெக் என்றால் வெடிக்காது, ஆனால் அவசரமாகக் குளிரவைத்தால் வெண்ணெய் வாசனை தங்கிவிடும். இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண் காட்டட்டும், அப்புறம் குளிரவையுங்கள்.

நுரைக்கோப்பை:

அண்ணா, இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தேய்த்துப் பார்த்தேன். சிம்கோ சீஸ்தான். போய்விட்டது. கேலக்ஸி தனியாக முகர்ந்தபோது பழமாக இருந்தது, சிட்ராவோடு சேர்த்தபோது மாங்காய்த் தோல் கிள்ளின வாசனை. ஆனால் கையில் தேய்ப்பதும் பியரில் ஊறுவதும் ஒன்றா? அதுதான் இன்னும் சந்தேகம். எந்தச் சூட்டில் போடுவது என்பதும் யாரும் சொல்லவில்லையே.

மலையடிவாரம் (விக்டோரியா):

ஒன்றில்லை. நல்ல கேள்வி. கடையில் வாசனையே இல்லாத மலிவு லாகர் பியர் நாலு பாட்டில் வாங்கி நன்றாகக் குளிரவை. திறந்து ஒரு வாய் குடித்துவிடு. (இடம் வேண்டும், அதனால்தான்.) 330 மில்லிக்கு 2 கிராம் பெல்லட். ஒன்றில் சிட்ரா, ஒன்றில் கேலக்ஸி, ஒன்றில் 2:1 கலவை, ஒன்றில் பாதிக்குப் பாதி. போட்ட உடனே பொங்கும், ஸிங்க்கில் வைத்துச் செய், மூடியைத் தயாராக வைத்துக்கொள். ஃப்ரிட்ஜில் மூன்று நாள். பிறகு துணியில் வடிகட்டி, எது எதுவென்று உனக்குத் தெரியாமல் வீட்டம்மாவை ஊற்றித் தரச்சொல். அருகம்புல்லைக் கண்டுபிடித்த நாக்கு அது, அவரையும் குடிக்கச் சொல்.

சூடு: ஃபெர்மென்ட்டேஷன் முடிந்ததும் 15 டிகிரிக்கு இறக்கி ஒரு நாள் விடு, யீஸ்ட் அடியில் படியட்டும். பிறகு ஹாப்ஸ், மூன்று நாள். மூடியைத் திறக்கும்போது சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பாயவிட்டுக்கொண்டே போடு. காற்று பட்டால் இரண்டு வாரத்தில் நிறம் வாழைப்பழத் தோல் மாதிரிக் கறுக்கும். அப்புறம் புளியோதரை சொன்னபடி எண் நிற்கிறதா பார்த்து, குளிரவைத்து, கெக்கில் குறைந்தது பத்து நாள். கேலக்ஸி அதற்குள் அடங்கும். டிசம்பர் 26-லிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள். நவம்பர் கடைசி வாரத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும்.

நுரைக்கோப்பை:

நாலு லாகர் பாட்டில். நான் 2:1 ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டினேன். அவள் தேர்ந்தெடுத்தது வெறும் சிட்ரா. நான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்ததும் அதுவே. பாதிக்குப் பாதியில் கரகரப்பு நன்றாகவே தெரிந்தது, 2:1-ல் லேசாக. இப்போது மீதி சிட்ரா முழுவதும், 20 கேலக்ஸி என்று போகலாமா என யோசிக்கிறேன்.

மூன்றாம்_கெக்:

போங்க.

மலையடிவாரம் (விக்டோரியா):

போடு. மீதி கேலக்ஸியில் காற்று எடுத்து அடைத்து ஃப்ரீசரில் வை, கிளிப் வேண்டாம்.