மடிக்கணினி தொலைக்காட்சியை அடையாளம் காண்கிறது, ஆனால் திரையில் "சிக்னல் இல்லை" என்றே வருகிறது

புதுத்திரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 இயங்கும் என் மடிக்கணினியை 4கே தொலைக்காட்சி ஒன்றுடன் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக இணைக்க முயன்று வருகிறேன். கேபிளைச் செருகியவுடன் புதிய சாதனம் இணைந்ததற்கான ஒலி கணினியில் கேட்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டாவது திரையாகத் தொலைக்காட்சியின் பெயரும் வந்துவிடுகிறது. தொலைக்காட்சியிலோ பெரும்பாலான நேரம் "சிக்னல் இல்லை" என்ற வாசகமே நிற்கிறது. இடையிடையே படம் சில நொடிகள் மிகத் தெளிவாக வந்து, திரை கறுத்து, மீண்டும் அந்த வாசகத்துக்கே திரும்பிவிடுகிறது.

ரிமோட்டில் சரியான இன்புட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். தொலைக்காட்சியின் மற்ற போர்ட்களிலும் செருகிப் பார்த்தேன், கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தேன், மாற்றம் எதுவும் இல்லை. கேபிள் ஐந்து மீட்டர் நீளமானது. இதே கேபிள் இதற்கு முன் ஒரு முழு எச்.டி. தொலைக்காட்சியில் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது என்பதால் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. கணினியின் போர்ட் பழுதா, தொலைக்காட்சியின் போர்ட் பழுதா என்பதைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன்பு எப்படி உறுதி செய்துகொள்வது?

அலைவரிசை

வணக்கம். உங்கள் பதிவில் தொலைக்காட்சியின் பெயர் கணினியில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே பாதிச் சோதனையை முடித்துவிடுகிறது. எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19 முனைகள் இருக்கின்றன. இவற்றில் 1 முதல் 12 வரையிலானவை படத்தையும் ஒலியையும் அதிவேகத்தில் கடத்துபவை. 15, 16 ஆகிய முனைகள் வழியாகத்தான் தொலைக்காட்சி தன் பெயரையும், தான் ஏற்கக்கூடிய ரெசல்யூஷன்களின் (படப்புள்ளிகளின் எண்ணிக்கை) பட்டியலையும் கணினிக்குத் தெரிவிக்கிறது. 19ஆம் முனை, மறுபக்கத்தில் ஒரு திரை செருகப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பெயர் வந்துவிட்டது என்றால் இந்த மெதுவான கம்பிகள் நன்றாகவே இருக்கின்றன, இரு பக்கமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று பொருள். ஆகவே சிக்கல் பெரும்பாலும் அதிவேகக் கம்பிகளில்தான் இருக்க வேண்டும். இப்போதைக்கு எந்தப் போர்ட்டும் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

பழைய தொலைக்காட்சியில் வேலை செய்த கேபிள் இதிலும் வேலை செய்தாக வேண்டும் என்பதில்லை. முழு எச்.டி. எனப்படும் 1920×1080 படத்தை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) அனுப்ப அந்தக் கம்பிகள் நொடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் கடத்தினால் போதும். 4கே எனப்படும் 3840×2160 படத்தை அதே 60 ஹெர்ட்ஸில் முழு வண்ணத்துடன் அனுப்ப ஏறத்தாழ 17.8 கிகாபிட் தேவைப்படுகிறது, அதாவது நான்கு மடங்கு. கேபிள் நீள நீளச் சிக்னல் நலிந்துகொண்டே போகும். தேவையான வேகத்தில் எழுபது எண்பது சதவீதம் மட்டுமே தாங்கும் கேபிளில் படம் மங்கலாக வருவதில்லை, வந்து வந்து அறுந்துபோகிறது. நீங்கள் விவரித்திருப்பதும் இதையேதான்.

சோதிக்கும் வழி எளிது. மடிக்கணினியின் சொந்தத் திரையிலிருந்தே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து, மேலே தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ரெஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை) 30 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். இதைச் செய்யும்போது விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி "எக்ஸ்டெண்ட்" முறையில் வைத்துக்கொள்வது நல்லது. "டூப்ளிகேட்" முறையில் இரண்டு திரைகளுக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனைக் கணினி தேடும் என்பதால் சோதனை குழம்பிவிடும். மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்கும்; படம் வராவிட்டால் எதையும் தொடாமல் 15 நொடிகள் காத்திருங்கள், பழைய நிலைக்குத் தானாகவே திரும்பிவிடும். 30 ஹெர்ட்ஸில் படம் நிலையாக நின்றால் தேவை பாதியாகக் குறைந்ததால்தான் நிற்கிறது என்று கொள்ளலாம். அப்போதும் அறுந்தால் ரெசல்யூஷனை 1920×1080க்கு இறக்கிப் பாருங்கள்.

செம்புக்கம்பி

மேலே சொல்லப்பட்டதை முழுவதும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பல 4கே தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கும் தனித்தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் "எச்.டி.எம்.ஐ. டீப் கலர்", "என்ஹான்ஸ்டு ஃபார்மட்" என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: அது அணைந்திருந்தால் அந்தப் போர்ட் 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பின் வேகத்தோடு நின்றுகொள்ளும். இயக்கினால் 2013இல் வந்த 2.0 பதிப்பின் 18 கிகாபிட் வரை ஏற்கும். உங்கள் கணினியின் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 4கேவுக்கு 60 ஹெர்ட்ஸ் தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. கேபிளை மாற்ற முடியாத நிலையில் இந்த அமைப்பை அணைத்துவிட்டால், தொலைக்காட்சி குறைந்த வேகத்தை மட்டுமே கேட்கும், படமும் பெரும்பாலும் அறுபடாது.

இன்னொன்று: நேரடி எச்.டி.எம்.ஐ. போர்ட் இல்லாமல் யு.எஸ்.பி.-சி அடாப்டர் வழியாக இணைப்பவர்கள், அந்தப் போர்ட் படத்தை வெளியனுப்பக்கூடியதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லா யு.எஸ்.பி.-சி போர்ட்களும் அப்படியல்ல. சில மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே உரியவை. அப்போது தொலைக்காட்சியின் பெயரே கணினியில் வராது.

புதுத்திரை

இருவருக்கும் மிக்க நன்றி. 30 ஹெர்ட்ஸுக்கு மாற்றியவுடன் படம் வந்துவிட்டது. ஒரு முழு மாலையும் ஒருமுறைகூட அறுபடவில்லை. மவுஸின் அம்புக்குறி தாவித் தாவி நகர்வதால் எழுத்து வேலைக்கு மட்டும் தொந்தரவாக இருக்கிறது. பிறகு வேறொரு சாதனத்தோடு வந்த இரண்டு மீட்டர் கேபிளைச் செருகி 60 ஹெர்ட்ஸ் வைத்தேன், அதிலும் நிலையாக நிற்கிறது. ஆக, குற்றவாளி நீளக் கேபிள்தான். ஆனால் மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள தூரத்துக்கு ஐந்து மீட்டர் கட்டாயம் வேண்டும். எப்படிப்பட்ட கேபிளை வாங்குவது?

இன்னும் மூன்று குறைகள் மீதி இருக்கின்றன. திரையின் விளிம்புகள் வெட்டுப்பட்டு, கீழே உள்ள டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. சிவப்பு, நீல நிற எழுத்துகளின் ஓரங்கள் கசிந்தாற்போல் இருக்கின்றன. ஒலி இன்னமும் மடிக்கணினியிலிருந்தே வருகிறது.

அலைவரிசை

உறை மீது "4கே" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 30 ஹெர்ட்ஸ் தாங்கும் கேபிளுக்கும் அப்படி அச்சிட முடியும். "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்ற சான்று பெற்றவை 18 கிகாபிட்டுக்கும், "அல்ட்ரா ஹை ஸ்பீடு" என்ற சான்று பெற்றவை 48 கிகாபிட்டுக்கும் சோதிக்கப்பட்டவை. இந்தச் சான்று வில்லையில் கைப்பேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய குறியீடும் இருக்கும்.

ஐந்து மீட்டர் என்பது சாதாரணச் செம்புக் கேபிளுக்கு எல்லைக்கோடு. நல்லது கிடைத்தால் போதும். அதைவிட நீளம் தேவைப்பட்டால் சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளுக்குப் போவதே என் பரிந்துரை. அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் "சோர்ஸ்" என்றும் மறுமுனையில் "டிஸ்ப்ளே" அல்லது "டிவி" என்றும் எழுதியிருக்கும். சோர்ஸ் முனைதான் மடிக்கணினியில் செருகப்பட வேண்டும். மாற்றிச் செருகினால் படமே வராது. சுவருக்குள்ளோ குழாய்க்குள்ளோ செலுத்துவதற்கு முன் ஒருமுறை வெளியிலேயே இணைத்துச் சோதித்துவிடுங்கள்.

செம்புக்கம்பி

விளிம்பு வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன். படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை மறைக்கும் இந்தப் பழக்கம் பழைய ஒளிபரப்புக் காலத்திலிருந்து தொலைக்காட்சிகளில் தொடர்கிறது. தொலைக்காட்சியின் படவமைப்பில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "ஃபுல் பிக்சல்" போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைக் கணினிப் பக்கத்தில் படத்தைச் சுருக்கிச் சரிசெய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை சுருக்கி மறுமுறை விரிப்பதில் எழுத்துகள் கூர்மையை இழந்துவிடும்.

நிறக் கசிவுக்குக் காரணம், ஒளி அளவை முழுமையாகவும் நிற விவரத்தைக் குறைத்தும் படம் கையாளப்படுவதுதான். திரைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது, சிறிய எழுத்தில் உடனே தெரியும். இன்புட் பட்டியலில் அந்தப் போர்ட்டின் பெயரை "பிசி" என்று மாற்றிப் பாருங்கள். பல தொலைக்காட்சிகளில் அந்தப் பெயர்மாற்றமே நிறத்தை முழுமையாகக் காட்டும் முறையை இயக்குகிறது. போதாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வண்ண முறை 4:2:0 அல்லது 4:2:2 என்று இருக்கிறதா எனப் பார்த்து, நிற விவரத்தைக் குறைக்காத ஆர்.ஜி.பி. அல்லது 4:4:4க்கு மாற்றுங்கள்.

ஒலிக்கு, டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் குறியை அழுத்தி, வரும் ஒலியளவுப் பட்டையின் அருகே உள்ள குறியையும் அழுத்தி, வெளியீட்டுச் சாதனமாகத் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சில செயலிகள் பழைய ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை மட்டும் மூடித் திறந்துவிடுங்கள்.